மனித உடலின் நான்கு வகைத் திசுக்கள்: ஸ்லைடைப் பார்த்து அடையாளம் காண ஒரு முழுமையான வழிகாட்டி

மனித உடலில் சுமார் 30 லட்சம் கோடி செல்கள் இருக்கின்றன. வகைப்படுத்தினால் ஏறத்தாழ 200 வகை தேறும். இத்தனையும் நான்கே திசுக்களுக்குள் அடங்கிவிடுகின்றன: எபிதீலியத் திசு, இணைப்புத் திசு, தசைத் திசு, நரம்புத் திசு. பாடப்புத்தகங்கள் இந்த நான்கையும் அவற்றின் உட்பிரிவுகளையும் நீளமான அட்டவணையாகப் போட்டுவிடும். அதை மனப்பாடம் செய்து எழுதி, பரீட்சை முடிந்த மறுவாரமே மறந்துவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது.

அட்டவணையை மூடி வையுங்கள். ஒரு ஸ்லைடை மைக்ரோஸ்கோப்பில் வைத்ததும் எந்த வரிசையில் எந்தக் கேள்வியைக் கேட்பது என்று தெரிந்துவிட்டால், பெயர்கள் தானாக வந்து உட்காரும். அதில் முதல் கேள்வி செல்லைப் பற்றியதே அல்ல. செல்லுக்கும் செல்லுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பதுதான். எலும்பு ஏன் கெட்டி, காயம் ஏன் சில இடங்களில் சீக்கிரம் ஆறுகிறது, புற்றுநோய் எப்போது ஆபத்தாகிறது என்று பல விஷயங்களுக்கு அந்த இடைவெளியில்தான் விடை இருக்கிறது. மைக்ரோஸ்கோப் இல்லாதவர்கள் இணையத்தில் கிடைக்கும் ஸ்லைடு படங்களை வைத்தே இதைப் பழகலாம்.

படி 1: முதலில் ஸ்லைடைப் புரிந்துகொள்ளுங்கள்

உடலிலிருந்து எடுத்த திசுத் துண்டு அப்படியே ஸ்லைடுக்கு வருவதில்லை. அழுகாமல் இருக்க ஃபார்மலினில் ஊறவைப்பார்கள். அப்புறம் தண்ணீரை எல்லாம் ஆல்கஹாலால் வெளியேற்றி, உருகிய பாரஃபின் மெழுகில் பதித்து, கட்டியான பிறகு மைக்ரோடோம் என்ற கருவியால் சீவுவார்கள். ஒரு சீவலின் தடிமன் வழக்கமாக 3 முதல் 5 மைக்ரோமீட்டர். அதாவது, பல இடங்களில் ஒரு முழு செல்லின் தடிமன்கூட உங்கள் கண் முன்னால் இல்லை.

இவ்வளவு மெல்லிய சீவலில் நிறம் எதுவும் தெரியாது. அதனால் சாயம் ஏற்றுவார்கள். உலகம் முழுக்க அன்றாடம் பயன்படுவது ஹெமடாக்சிலின், ஈயோசின் என்ற ஜோடி. ஹெமடாக்சிலின் உட்கருவை நீல ஊதாவாக்கும். ஈயோசின் சைட்டோபிளாசத்தையும் (செல்லில் உட்கருவைச் சுற்றியுள்ள பகுதி) கொலாஜன் என்ற புரத நார்களையும் இளஞ்சிவப்பாக்கும். ஊதாப் புள்ளிகள் நெருக்கமாகத் தெரிந்தால் செல்கள் நெருக்கம். இளஞ்சிவப்பு பரந்து கிடந்து புள்ளிகள் குறைவாக இருந்தால், செல்களைவிட இடைப்பொருள் அதிகம். மைக்ரோஸ்கோப்பின் மிகக் குறைந்த உருப்பெருக்கத்திலேயே இவ்வளவும் புரிந்துவிடும்.

புதிதாகப் பார்ப்பவர்கள் ஏமாறும் இடங்கள் இரண்டு. வெள்ளையாக, காலியாகத் தெரியும் இடம் எப்போதும் காலி இடம் அல்ல. ஸ்லைடு தயாரிக்கும்போது கொழுப்பு கரைந்து போய்விடுவதால் கொழுப்பு செல்கள் வெறும் வெள்ளை வட்டங்களாகவே தெரியும். அடுத்தது, கத்தி எந்தக் கோணத்தில் போனது என்பது. ஒற்றை வரிசை செல்களைச் சாய்வாக வெட்டினால் பல அடுக்கு இருப்பதுபோலத் தோன்றும். எனவே ஒரே இடத்தைப் பார்த்து முடிவெடுக்காமல், செங்குத்தாக வெட்டுப்பட்ட இடத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

அளவு தெரிய ஒரு சுலபமான வழி உண்டு. பெரும்பாலான ஸ்லைடுகளில் எங்காவது ஒரு ரத்தக்குழாயும் அதற்குள் சில சிவப்பணுக்களும் சிக்கும். ஒரு சிவப்பணுவின் விட்டம் ஏறத்தாழ 7 மைக்ரோமீட்டர். அதை அளவுகோலாக வைத்துப் பக்கத்தில் உள்ளவற்றை மதிப்பிடலாம்.

இவ்வளவு வசதிகளைச் சொல்கிறேன். ஆனால் திசுக்களை முதன்முதலில் முறையாக வகைப்படுத்திய பிரெஞ்சு மருத்துவர் சேவியர் பிஷா மைக்ரோஸ்கோப்பையே நம்பவில்லை. அறுத்து, வேகவைத்து, அமிலத்தில் ஊறவைத்து, வெறும் கண்ணால் பார்த்தே 21 வகைத் திசுக்களைப் பிரித்துச் சொன்னார். 1802-ல், 30 வயதிலேயே இறந்துபோனார். அவருடைய 21 வகைதான் பிற்பாடு நான்காகச் சுருங்கியது.

படி 2: இடைவெளியைக் கேளுங்கள்

இப்போது கேள்விக்கு வரலாம். செல்களுக்கு நடுவில் என்ன?

கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை, செல்கள் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன, ஒரு பக்கம் வெட்டவெளி அல்லது ஒரு குழாயின் உள்வெளி இருக்கிறது என்றால் அது எபிதீலியம். செல்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்க, நடுவில் நார்களோ கெட்டிப்பொருளோ திரவமோ நிறைந்திருந்தால் இணைப்புத் திசு. செல்கள் நீளநீளமாக, ஒரே திசையில் இணையாகப் படுத்திருந்தால் தசை. பெரிய செல்களிலிருந்து கிளைகள் நாலாபுறமும் பிரிந்து, சுற்றிலும் சின்னச் சின்ன உட்கருக்கள் தூவியதுபோல் இருந்தால் நரம்புத் திசு.

முக்கால்வாசி ஸ்லைடுகளுக்கு இதுவே போதும். குழப்பம் வருவது பெரும்பாலும் மென்தசைக்கும் (குடல் போன்ற உள்ளுறுப்புகளின் சுவரில் இருக்கும் தசை) அடர்ந்த கொலாஜனுக்கும் நடுவில்தான். இரண்டும் இளஞ்சிவப்பாக, அலையலையாக இருக்கும். உட்கரு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இளஞ்சிவப்புப் பட்டைக்கு உள்ளேயே உட்கரு இருந்தால் அது தசை செல். பட்டைகளுக்கு இடுக்கில் மெல்லியதாக நசுங்கிக் கிடந்தால் அது கொலாஜனை உண்டாக்கிய ஃபைப்ரோபிளாஸ்ட்.

படி 3: எபிதீலியம் என்றால், அடுக்கை எண்ணி மேல்வரிசையின் வடிவத்தைப் பாருங்கள்

எபிதீலியத்துக்குப் பெயர் வைக்கும் முறை மிகவும் நேரானது. எத்தனை அடுக்கு என்பது முதல் பாதி; செல்லின் வடிவம் மறு பாதி. ஒரே அடுக்கு என்றால் எளிய எபிதீலியம். பல அடுக்கு என்றால் கூட்டு எபிதீலியம். வடிவம் மூன்று: தட்டை, கனசதுரம், தூண். பல அடுக்கு இருந்தால் மேல்வரிசையின் வடிவத்தை மட்டும் கணக்கில் எடுக்க வேண்டும். அடிவரிசை செல்கள் எப்போதும் குண்டாகவே இருப்பதால் அவற்றைப் பார்த்துப் பெயர் வைத்தால் தப்பாகிவிடும்.

வடிவத்துக்கும் வேலைக்கும் உள்ள தொடர்பைப் பிடித்துக்கொண்டால் எந்த இடத்தில் எது என்பதை ஊகித்தே சொல்லலாம். ஏதோ ஒன்று வேகமாகக் கடந்துபோக வேண்டிய இடத்தில் எளிய தட்டை எபிதீலியம் இருக்கும்: நுரையீரலின் காற்றறைகள், ரத்தக்குழாய்களின் உட்சுவர். காற்றறைச் சுவர், ரத்த நுண்குழாய்ச் சுவர் இரண்டும் சேர்ந்தே பல இடங்களில் 1 மைக்ரோமீட்டர்கூட வராது. அதனால்தான் ஆக்ஸிஜன் நொடிக்கும் குறைவான நேரத்தில் ரத்தத்துக்குள் போய்விடுகிறது. சுரப்பதும் உறிஞ்சுவதும் வேலை என்றால் செல்லுக்குள் கொஞ்சம் இடம் வேண்டும். எனவே சிறுநீரக நுண்குழல்களிலும் தைராய்டிலும் கனசதுரம். அந்த வேலையே மிக அதிகம் என்றால் செல் இன்னும் உயரமாகிறது. இரைப்பையிலும் குடலிலும் தூண் வடிவம். சிறுகுடலில் ஒவ்வொரு தூண் செல்லின் உச்சியிலும் மைக்ரோவில்லை எனப்படும் நுண்ணிய நீட்சிகள் ஆயிரக்கணக்கில் நிற்கின்றன. சாதாரண ஸ்லைடில் அவை தனித்தனியாகத் தெரியாது, விளிம்பில் ஒரு மங்கலான பட்டையாகத்தான் தெரியும். இடையிடையே வெளுத்துப்போய் உப்பிய கோப்பை வடிவ செல்கள் சளியைச் சுரந்தபடி இருக்கும்.

உராய்வு அதிகமுள்ள இடத்தில் கூட்டுத் தட்டை எபிதீலியம். தோலின் மேல்பரப்பில் மேல் அடுக்குகள் செத்து, கெரட்டின் என்ற கடினமான புரதம் நிறைந்த செதில்களாகி உதிர்கின்றன. வாய்க்குள்ளும் உணவுக்குழாயிலும் அதே அமைப்புதான், ஆனால் கெரட்டின் செதில் கிடையாது. மேல்வரிசையிலும் உட்கரு தெரியும். ஸ்லைடு தோலா, உணவுக்குழாயா என்ற கேள்விக்கு இந்த ஒரு வித்தியாசமே விடை சொல்லிவிடும்.

விதிக்கு அடங்காத இரண்டு உண்டு. மூச்சுக்குழாயில் இருப்பது பொய்யடுக்கு எபிதீலியம். உட்கருக்கள் ஏற்ற இறக்கமாக இருப்பதால் பல அடுக்குபோல் தெரியும். உண்மையில் எல்லா செல்களும் அடித்தளத்தைத் தொட்டுக்கொண்டுதான் நிற்கின்றன. உச்சியில் குறுஇழைகளும் (சளியை மேலே தள்ளும் மயிர்போன்ற நீட்சிகள்) இருந்தால் பெரும்பாலும் இதுதான். இன்னொன்று சிறுநீர்ப்பையின் மாறுநிலை எபிதீலியம். பை காலியாக இருக்கும்போது மேல்வரிசை செல்கள் குவிமாடமாக உப்பி நிற்கும், நிறைந்ததும் தட்டையாகிவிடும். இதற்குப் போய் அடுக்கை எண்ணிக்கொண்டிருப்பது வீண். குவிமாடத்தைத் தேடுங்கள், போதும்.

எபிதீலியத்துக்குள் ரத்தக்குழாய் கிடையாது. உங்கள் உடலிலேயே இதைப் பார்க்கலாம். நகம் லேசாகக் கீறி வெள்ளைக் கோடு மட்டும் விழுந்தால் ரத்தம் வராது. கீறல் எபிதீலியத்தோடு நின்றுவிட்டது. ரத்தம் எட்டிப்பார்த்தால், அதற்குக் கீழே உள்ள இணைப்புத் திசு வரை போய்விட்டது என்று அர்த்தம். எபிதீலிய செல்களுக்கு வேண்டிய ஆக்ஸிஜனும் சத்தும் கீழேயிருந்துதான் கசிந்து வருகின்றன.

அந்தக் கீழ் எல்லையில் இருப்பது அடித்தளச் சவ்வு. சாதாரணச் சாயத்தில் சரியாகத் தெரியாத இந்த மெல்லிய படலத்தைப் பலர் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். மருத்துவத்தில் இதைவிட முக்கியமான கோடு குறைவு. எபிதீலிய செல்கள் புற்றாக மாறினாலும், இந்தச் சவ்வைத் தாண்டாதவரை அது அதே இடத்தில் அடங்கிய புற்று. சவ்வுக்குக் கீழேதான் ரத்தக்குழாய்களும் நிணநீர்க் குழாய்களும் ஓடுகின்றன. தாண்டிவிட்டால் அவற்றின் வழியே வேறு உறுப்புகளுக்குப் போக வழி கிடைத்துவிடுகிறது. சிகிச்சை முறையே இதை வைத்து மாறும்.

சூழ்நிலை மாறினால் எபிதீலியம் தன் வகையையே மாற்றிக்கொள்ளவும் செய்யும். தொடர்ந்து புகைபிடிப்பவரின் மூச்சுக்குழாயில் குறுஇழை செல்கள் போய், அந்த இடத்தில் கூட்டுத் தட்டை எபிதீலியம் வந்து உட்காருகிறது. புகையைத் தாக்குப்பிடிக்க அது வசதிதான். ஆனால் சளியை மேலே தள்ளிவிட குறுஇழைகள் இல்லாமல் போகின்றன. உணவுக்குழாயின் அடியில் இதற்கு நேர் எதிராக நடக்கும். இரைப்பை அமிலம் ஆண்டுக்கணக்கில் மேலேறி வந்தால், தட்டை செல்கள் இருந்த இடத்தில் குடலில் இருப்பதுபோன்ற தூண் செல்கள் முளைக்கலாம். பேரட் உணவுக்குழாய் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான்.

படி 4: இணைப்புத் திசு என்றால், இடைப்பொருள் என்ன பதம் என்று பாருங்கள்

இணைப்புத் திசுவில் செல்லைவிட அது உருவாக்கி வெளியே வைத்த பொருள்தான் முக்கியம். அதற்கு மேட்ரிக்ஸ் என்று பெயர். அதில் நார்கள் இருக்கும், நார்களுக்கு நடுவே தண்ணீரைப் பிடித்து வைக்கும் ஒரு கொழகொழப்பான பொருளும் இருக்கும். ரத்தத்தில் மேட்ரிக்ஸ் திரவம், தோலுக்கடியில் கூழ், குருத்தெலும்பில் விறைப்பான ஜெல், எலும்பில் தாது கலந்த கெட்டி. இந்த வரிசையை மனதில் வைத்தால் இணைப்புத் திசுவின் வகைகள் கையில் வந்த மாதிரி.

நார்களில் முதலிடம் கொலாஜனுக்கு. உடலின் மொத்தப் புரதத்தில் கால் பங்குக்கு மேல் இதுதான். மூன்று இழைகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்ட அமைப்பு. இழுத்தால் லேசில் அறுகாது. அந்த முறுக்கு நிலைத்து நிற்க வைட்டமின் சி வேண்டும். அது கிடைக்காவிட்டால் இழைகளில் செய்ய வேண்டிய ஒரு சிறு வேதி மாற்றம் நடக்காமல் போய், முறுக்கு தளர்ந்துவிடும். நீண்ட கடல் பயணங்களில் மாலுமிகளைக் கொன்ற ஸ்கர்வி நோய் இதுவே. ஈறிலிருந்து ரத்தம் வரும், பல் ஆடும், என்றோ ஆறிய பழைய தழும்புகள்கூட மறுபடி திறந்துகொள்ளும். ஆறிய தழும்பு ஏன் திறக்க வேண்டும்? உடல் தழும்பில் உள்ள கொலாஜனை ஒருபுறம் கரைத்து மறுபுறம் புதிதாகக் கட்டிக்கொண்டே இருக்கிறது. கட்டுவது நின்றால் கரைவது மட்டுமே மிஞ்சும். 1747-ல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் 12 நோயாளிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஆறு விதமான மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் சாப்பிட்ட இருவர்தான் மடமடவென்று தேறினார்கள். காரணம் கொலாஜன் என்று அவருக்குத் தெரியாது.

கொலாஜன் நார்கள் தாறுமாறாக, இடைவெளி விட்டுக் கிடந்தால் அது தளர்வான இணைப்புத் திசு. எபிதீலியத்தின் அடியில் பெரும்பாலும் இதுதான். நோய் எதிர்ப்பு செல்கள் நடமாடுவதும், அடிபட்டால் நீர் கோத்து வீங்குவதும் இங்கேதான். நெருக்கமாகவும் எல்லாத் திசையிலும் கிடந்தால் தோலின் டெர்மிஸ், அதாவது எபிதீலியத்துக்குக் கீழே உள்ள உள்தோல். நெருக்கமாகவும் ஒரே திசையிலும் கிடந்தால், தசையை எலும்போடு சேர்க்கும் தசைநாண் அல்லது எலும்பை எலும்போடு சேர்க்கும் லிகமென்ட். இந்த இரண்டையும் ஸ்லைடில் மட்டும் பார்த்துப் பிரிப்பது எளிதல்ல, அதற்காக அதிகம் மெனக்கெட வேண்டாம்.

கொழுப்புத் திசுவும் இந்தக் குடும்பம்தான். வெள்ளைக் கொழுப்பு செல்லில் ஒரே பெரிய துளி. உட்கரு ஓரத்தில் ஒதுக்கப்பட்டு மோதிரம்போல் தெரியும். பழுப்புக் கொழுப்பில் பல சிறு துளிகள், ஏராளமான மைட்டோகாண்ட்ரியா. அதன் வேலை வெப்பம் உண்டாக்குவது. பிறந்த குழந்தைகளுக்கு இது நிறைய உண்டு. பெரியவர்களிடமும் வேலை செய்யும் நிலையில் இருக்கிறது என்பது 2009-ல் வெளியான ஆய்வுகளால் உறுதியானது. கொழுப்பு வெறும் சேமிப்புக் கிடங்கு என்ற எண்ணமும் 1994-ல் மாறியது. பசியைக் கட்டுப்படுத்தும் லெப்டின் என்ற ஹார்மோன் கொழுப்பு செல்களிலிருந்தே வருகிறது என்பது அந்த ஆண்டு தெரியவந்தது.

குருத்தெலும்பில் செல்கள் சின்னச் சின்னக் குழிகளுக்குள் ஒன்றிரண்டாக உட்கார்ந்திருக்கும். மேட்ரிக்ஸ் கண்ணாடிபோல் வழவழப்பாகத் தெரிந்தால் மூக்கு, மூச்சுக்குழாய் வளையம், மூட்டுகளின் முனை. மீள்நார்கள் பின்னியிருந்தால் காதுமடல். தடித்த கொலாஜன் கட்டுகள் தெரிந்தால் முதுகெலும்புத் தட்டு அல்லது முழங்கால் மூட்டுக்குள் மெத்தைபோல் இருக்கும் மெனிஸ்கஸ். குருத்தெலும்புக்குள்ளும் ரத்தக்குழாய் இல்லை, அதனால் அடிபட்டால் மெதுவாகத்தான் ஆறும் அல்லது ஆறவே ஆறாது. மெனிஸ்கஸின் வெளி ஓரத்துக்கு மட்டும் ரத்த ஓட்டம் உண்டு. முழங்கால் ஸ்கேன் அறிக்கையில் கிழிசல் எந்தப் பகுதியில் என்று மருத்துவர் கவனிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எலும்பைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பெரியவரின் எலும்புக்கூட்டில் 206 எலும்புகள் என்று எல்லோருக்கும் தெரியும். அவை உயிருள்ள திசு என்பதுதான் மறந்துபோகிறது. எலும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கால்சியம் பாஸ்பேட் தாது. மீதியில் பெரும்பகுதி கொலாஜன். இரண்டின் பங்கையும் ஒரு கோழி எலும்பை வைத்துப் பார்த்துவிடலாம். சுத்தம் செய்த எலும்பை வினிகரில் போட்டு, அவ்வப்போது வினிகரை மாற்றிக்கொண்டே சில நாட்கள் விட்டால் தாது கரைந்து, எலும்பு வளைய ஆரம்பிக்கும், ஆனால் உடையாது. வளைவது கொலாஜன். இன்னொரு எலும்பை நெருப்பில் சுட்டு எடுத்தால் வடிவம் அப்படியே இருக்கும். விரலால் அழுத்தினால் நொறுங்கும். எஞ்சியிருப்பது வெறும் தாது.

கெட்டியான எலும்பைத் தேய்த்து மெல்லியதாக்கி ஸ்லைடில் பார்த்தால், மரத்தைக் குறுக்கே அறுத்ததுபோல வட்டம் வட்டமாக வளையங்கள். நடுவில் ஒரு துவாரம்; ரத்தக்குழாயும் நரம்பும் அதன் வழியே போகும். 1691-ல் இதை விவரித்த ஆங்கில மருத்துவர் கிளாப்டன் ஹேவர்ஸ் பெயரால் ஹேவர்சியன் கால்வாய் என்கிறோம். வளையங்களுக்கு நடுவே உள்ள கறுப்புப் புள்ளிகளில் எலும்பு செல்கள் குடியிருக்கும். அவை ஒன்றோடொன்று மயிரிழைக் கால்வாய்கள் மூலம் தொட்டுக்கொண்டு, எலும்பின் மேல் விழும் பாரத்தை உணர்கின்றன. கட்டும் செல்கள் தனி, அரிக்கும் செல்கள் தனி. பெரியவர்களின் எலும்புக்கூட்டில் ஆண்டுக்குச் சுமார் 10 சதவீதம் இப்படிப் புதுப்பிக்கப்படுகிறது. அரிப்பது கட்டுவதை முந்தினால் எலும்பு மெலிவு நோய்.

ரத்தத்தை இணைப்புத் திசு என்று ஏற்க மாணவர்களுக்கு மனம் வராது. மேட்ரிக்ஸ் திரவமாக இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். சுமார் 55 சதவீதம் பிளாஸ்மா, மீதி அணுக்கள். உட்கருவே இல்லாத சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். ரத்தம் உறைய உதவும் தட்டணு 7 முதல் 10 நாள்.

படி 5: தசை என்றால், வரி இருக்கிறதா, உட்கரு எங்கே என்று பாருங்கள்

குறுக்கே கோடுகள் தெரிகின்றன, உட்கருக்கள் பல, எல்லாம் ஓரத்தில் என்றால் எலும்புத் தசை. கோடுகள் உண்டு, செல்கள் கிளைவிட்டுச் சேர்கின்றன, உட்கரு நடுவில் என்றால் இதயத் தசை. கோடே இல்லை, இருமுனையும் கூர்ந்து நடுவில் பருத்த செல், ஒரே உட்கரு நடுவில் என்றால் மென்தசை.

கோடு எப்படி வந்தது? தசைக்குள் ஆக்டின், மயோசின் என்ற இரண்டு புரத இழைகள் அடுத்தடுத்து அடுக்கப்பட்டிருக்கின்றன. தடித்த மயோசின் இருக்கும் இடம் கருமை, மெல்லிய ஆக்டின் மட்டும் உள்ள இடம் வெளிர். தசை சுருங்கும்போது இழைகள் எதுவும் குட்டையாவதில்லை. ஒன்றுக்குள் ஒன்று நழுவிப் போகின்றன. 1954-ல் இரண்டு குழுக்கள் ஒரே நேரத்தில் இதை வெளியிட்டன. ஒன்றில் ஆண்ட்ரூ ஹக்ஸ்லி, மற்றதில் ஹியூ ஹக்ஸ்லி. இருவருக்கும் உறவு எதுவும் கிடையாது.

இதயத் தசையின் தனி அடையாளம், செல்கள் சேரும் இடத்தில் குறுக்கே தெரியும் அடர்த்தியான இடைத்தட்டுகள். அவற்றின் வழியே மின்தூண்டல் ஒரு செல்லிலிருந்து அடுத்ததற்குத் தடையில்லாமல் பாயும். அதனால் அறை முழுவதும் ஒன்றாகத் துடிக்கிறது. மாரடைப்பில் செல்கள் சாகும்போது உள்ளிருந்த ட்ரோபோனின் புரதம் ரத்தத்தில் கசிகிறது. அவசர சிகிச்சைப் பிரிவில் நெஞ்சுவலிக்கு எடுக்கும் ரத்தப் பரிசோதனை அதைத்தான் தேடுகிறது. செத்த இடத்தில் புதுத் தசை வளருமா? அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கூடிய கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் செல்களில் எவ்வளவு பதிந்திருக்கிறது என்பதை வைத்து 2009-ல் கணக்கிட்டார்கள். 25 வயதில் ஆண்டுக்கு 1 சதவீத இதயத் தசை செல்கள்தான் புதிதாகின்றன. வயதானால் அதில் பாதிகூட இல்லை. எனவே தழும்புதான் மிஞ்சும்.

எலும்புத் தசை நம் இச்சைப்படி இயங்கும், மென்தசை தானாக இயங்கும் என்ற பாட விதியை அளவோடு நம்புங்கள். மூச்சு விட உதவும் உதரவிதானம் எலும்புத் தசைதான். தூங்கும்போதும் அது வேலை செய்கிறதே!

படி 6: நரம்புத் திசு

நரம்புத் திசுவில் சமிக்ஞை கடத்தும் நரம்பு செல்களான நியூரான்கள் மட்டும் இல்லை. மூளையில் சுமார் 8,600 கோடி நியூரான்கள்; கிட்டத்தட்ட அதே எண்ணிக்கையில் கிளியா எனப்படும் துணை செல்களும் உண்டு. ஸ்லைடில் நியூரானைக் கண்டுபிடிக்க பெரிய, வெளிறிய உட்கருவையும் அதன் நடுவில் அடர்ந்த ஒரு புள்ளியையும் தேடுங்கள். சுற்றிலும் கிடக்கும் சின்ன உட்கருக்கள் கிளியா.

சாதாரணச் சாயத்தில் கிளைகள் சரியாகத் தெரியாது. 1873-ல் இத்தாலியின் கமில்லோ கோல்ஜி ஒரு வெள்ளிச் சாயத்தைக் கண்டுபிடித்தார். அது ஒரு சில நியூரான்களை மட்டும் கறுப்பாக்கியது, ஆனால் கிளை நுனிவரை. அதே சாயத்தை வைத்து ஸ்பெயினின் ரமோன் இ கஹால் நியூரான்கள் தனித்தனி செல்கள் என்று நிறுவினார். கோல்ஜி கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. அவருக்கு எல்லாம் ஒரே தொடர் வலை. இருவருக்கும் சேர்த்து 1906-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

நியூரானின் நீண்ட இழையான ஆக்சானைச் சுற்றி மயலின் என்ற கொழுப்பு உறை இருந்தால் சமிக்ஞை வேகம் பிடிக்கும்: தடித்த இழைகளில் நொடிக்கு 100 மீட்டரையும் தாண்டும். உறை இல்லாத மெல்லிய இழைகளில் நொடிக்கு 2 மீட்டர் அல்லது அதற்கும் குறைவு. கால் விரலை மேசைக் காலில் இடித்துக்கொண்டால் முதலில் சுருக்கென்று ஒரு வலி, ஒரு நொடி கழித்து விண்விண் என்று இன்னொரு வலி வரும். முதலாவது மெல்லிய உறையுள்ள இழை வழியே வந்தது. இரண்டாவது உறையே இல்லாத இழையில் நடந்து வந்தது. கை கால்களில் அறுந்த நரம்பு, பாதை சரியாக இருந்தால், நாளுக்கு 1 மில்லிமீட்டர் அளவில் மறுபடி வளரும். மூளையிலும் தண்டுவடத்திலும் சூழலே அதற்கு இடம் கொடுப்பதில்லை.

படி 7: பயாப்ஸி அறிக்கையைப் படிக்கும்போது

இவ்வளவு தெரிந்துகொண்டால், பயாப்ஸி (உடலிலிருந்து திசுத் துண்டு எடுத்துச் செய்யும் பரிசோதனை) அறிக்கையில் வரும் பெயர்கள் அவ்வளவு மிரட்டாது. எபிதீலியத்தில் தொடங்கிய புற்று கார்சினோமா. செதில்போன்ற தட்டை செல்களிலிருந்து வந்தால் ஸ்குவாமஸ் செல் கார்சினோமா, சுரப்பி செல்களிலிருந்து வந்தால் அடினோகார்சினோமா. எலும்பு, கொழுப்பு, தசை போன்றவற்றில் தொடங்கினால் சார்கோமா. ரத்த அணுக்கள் உருவாகும் இடத்தில் லுகீமியா. கிளியாவில் கிளியோமா. பெரியவர்களின் புற்றுநோய்களில் மிகப் பெரும்பாலானவை கார்சினோமாக்கள். எபிதீலியம் ஓயாமல் பிரிந்துகொண்டே இருக்கிறது (குடலின் உட்பரப்பு 3 முதல் 5 நாளில் புதிதாகிவிடும்), புகை, வெயில், ரசாயனம் எல்லாவற்றையும் முதலில் சந்திப்பதும் அதுதான். பிரியாத நியூரானிலிருந்து பெரியவர்களுக்குக் கட்டி வருவது அபூர்வம்.

'ஓமா' என்று முடிவதெல்லாம் புற்று என்று பயப்படவும் வேண்டாம். லிபோமா சாதுவான கொழுப்புக் கட்டி. ஆனால் மெலனோமா அப்படி அல்ல, தோலின் நிறமி செல்களில் வரும் கடுமையான புற்று. பெயரை வைத்து முடிவுக்கு வராமல் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வதே சரி.

படி 8: நான்கையும் ஒரே ஸ்லைடில்

பயிற்சிக்குச் சிறுகுடலின் குறுக்குவெட்டை எடுங்கள். உள்வெளியிலிருந்து தொடங்கி வெளிநோக்கி நகருங்கள். முதலில் விரல்போன்ற நீட்சிகள். அவற்றின் விளிம்பில் எளிய தூண் எபிதீலியம், இடையிடையே கோப்பை வடிவ செல்கள். நீட்சிகளின் உள்ளே தளர்வான இணைப்புத் திசு, நுண்குழாய்கள், வெள்ளையணுக்கள். அதற்கு வெளியே ஒரு மெல்லிய தசைப் பட்டை, பிறகு அடர்ந்த இணைப்புத் திசு. அதையும் தாண்டினால் மென்தசை இரண்டு படலம்: உள்ளே இருப்பது குழாயைச் சுற்றி ஓடுவது, வெளியே இருப்பது நீளவாக்கில் ஓடுவது. ஒன்றில் செல்கள் நீளமாகவும் மற்றதில் வெறும் வட்டங்களாகவும் வெட்டுப்பட்டிருக்கும். இந்த இரண்டு படலங்களுக்கும் நடுவே நிதானமாகத் தேடினால் பெரிய வெளிறிய உட்கருவுள்ள செல்கள் சிறு கூட்டமாகச் சிக்கும். அவை குடலின் சொந்த நியூரான்கள். கடைசி விளிம்பில் ஒற்றை வரிசைத் தட்டை செல்கள்.

இது கைவந்ததும் உணவுக்குழாய் ஸ்லைடுக்குப் போங்கள். அங்கே தசையை மட்டும் பார்த்து, எந்த உயரத்தில் வெட்டியது என்று சொல்லிப் பாருங்கள். வரியுள்ள தசை மட்டும் தெரிந்தால் மேல் பகுதி. மென்தசை மட்டும் என்றால் அடிப்பகுதி. இரண்டும் கலந்து கிடந்தால் நடுப்பகுதி.